நாக்கு என்பவரின் கடைவாய்ப் பல்

கிடங்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்கு என்றார்கள், வயதில் இளையவர்கள் நாக்கண்ணே என்றார்கள். வெளியாட்கள் வந்தால் முதலாளி அவரைக் காட்டி, "இதுதான் எங்க நாக்கு" என்பார். ஒரு முழு மனிதரை இன்னொருவருடைய உறுப்பாக அறிமுகப்படுத்துகிறோமே என்ற கூச்சம் சொன்னவருக்கும் இருந்ததில்லை, சொல்லப்பட்டவருக்கும் இருந்ததில்லை. சொல்லப்பட்டவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுப் பெருப்பார்.

வேலை, கிராம்பு கடிப்பது. கோணி மூட்டைகளில் சரக்கு வந்து இறங்கும். இவர் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, இடது கடைவாயில் வைத்துக் கடித்து, மூச்சை உள்ளே இழுத்து, ஊருக்கே தீர்ப்புச் சொல்லப்போகிறவர் போலச் சற்று நேரம் நின்று, "ஏத்து" என்பார். அல்லது "தள்ளு" என்பார். இதைவிடச் சின்ன வேலையில் இருந்துகொண்டு இதைவிடப் பெரிய முகம் வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் உண்டு; ஆனால் அவர்களுக்கெல்லாம் மேஜை, நாற்காலி, மேலே ஒரு மின்விசிறி உண்டு.

கடித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. கிராம்பிலிருந்து எண்ணெயை வடித்தெடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையையும் நல்லதோடு கலந்து விற்கிற புண்ணியவான்கள் அந்த வியாபாரத்தில் நிறையப் பேர். சக்கைக்கு மேலே ஏதோ மலிவான எண்ணெயைத் தடவி, கல்யாணத்துக்குப் புறப்பட்டவனைப்போல மினுக்கி அனுப்புவார்கள். கண் ஏமாறும். நகத்தால் கீறினால் எண்ணெய் கசிகிற மாதிரியே இருக்கும், நகமும் ஏமாறும். மூக்கோ, அந்தக் கிடங்குக்குள் நுழைந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உயிரை விட்டுவிடும். ஆக, முதலாளிக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு நாக்கு.

பதவி, பெண்ணோடு வந்தது. மாமனார்தான் அதற்கு முன்பு கிடங்கின் நாக்காக இருந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு மாப்பிள்ளையைக் கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொல்லி முதலாளியின் அப்பாவிடம் காட்டினார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அவரும் சம்மதித்தார். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் மாமியார் அந்த நாக்கின் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் கடிச்சார்னா மரத்துக்கே வலிக்கும், மாப்பிள்ளை" என்று சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற தைரியம் மாப்பிள்ளைக்குக் கடைசிவரை வரவில்லை.

வீட்டில் கிராம்பு மூன்று இலாகாக்களாகப் பிரிந்திருந்தது. சமையல் மனைவியிடம். கஞ்சியானாலும் இறைச்சியானாலும் தேநீரானாலும் அவள் கையால் ரெண்டு கிராம்பு விழாமல் அடுப்பைவிட்டு எதுவும் இறங்காது. ஆன்மிகம் மாமியாரிடம். வீட்டில் யாராவது தும்மினால் போதும். ஒரு கரண்டித் தணலில் கிராம்பை வெடிக்கவிட்டு, புகையோடு அறை அறையாக நடந்து, தும்மியவன் தலையைச் சுற்றி, தனக்குத் தோன்றிய தெய்வத்தையெல்லாம் உரிமையோடு அதட்டுவார். மருத்துவம் நம் நாக்கிடம். தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் இவரிடம்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து, "வலிக்கிற இடத்துல வெச்சுக் கடிச்சுக்கோ. பேசாத. முக்கியமா, பேசாத" என்று கொடுப்பார்.

கிடங்குக்கு நேர் எதிரே மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். இவர் டீக்கடையில் நின்றுகொண்டு, டாக்டரின் படிக்கட்டைக் கையால் காட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கிராம்பு தெரியாதவன் ஏறுற படி அது" என்பார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ முறை சொன்னது. அந்தப் படியில் தானும் ஏறுவதற்கு இருந்த வழியை அவரே செங்கல் வைத்து அடைத்துக்கொண்டார்.

பிறகு, அவருக்குப் பல் வலித்தது.

இடது கடைவாய். வேலை செய்கிற பக்கம். முதலில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. அப்புறம் கதவை உடைத்தார்கள். இவர் தன் வைத்தியத்தைத் தனக்கே செய்துகொண்டார்: பல்லின் குழியில் ஒரு கிராம்பை அடைத்தார், அரைமணியில் வலி அடங்கியது. மருந்து பலித்துவிட்டது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் முதல் மூட்டையில் கைவிட்டு எடுத்துக் கடித்தார். வாயில் ஒன்றும் நடக்கவில்லை. காரம் இல்லை, சுருக்கென்ற கடுப்பு இல்லை. விளக்குமாற்றுக் குச்சியைக் கடித்தது மாதிரி இருந்தது. வலியை மரக்க வைத்த கிராம்பு நாக்கையும் சேர்த்து மரக்க வைத்திருந்தது. எதிரே மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன செய்வார் மனிதர்? முகம் பழக்கத்தில் தானாகவே பெரிதானது, "ஏத்து" என்றார்.

கிராம்பை எடுத்துவிட்டால் வலி உயிரை வாங்கியது. வைத்துக்கொண்டால் நாக்கு இல்லை. வலியோடு வேலை பார்க்க ஒரு காலைப்பொழுது முயன்று பார்த்தார். முதல் மூட்டையைக் கடித்ததும் கண்ணில் பூச்சி பறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் கிராம்போடே வந்தார், நடித்தார். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் சந்தேகம் வருமே என்று அவ்வப்போது ஒன்றைத் தள்ளவும் செய்தார். எதைத் தள்ளுவது என்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்: மூட்டை தூக்குகிறவன் கொட்டாவி விட்டால், தள்ளு.

கொட்டாவியை நம்பி அனுப்பிய சரக்கு கடல் தாண்டிப் போய், அங்கேயிருந்து திரும்பி வந்தது. முதலாளி இவரைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, பாதி மூட்டை சக்கைங்கிறான்."

"வழியில மாத்தியிருப்பானுங்க முதலாளி."

"நானும் அதைத்தான் சொன்னேன். இந்தத் தடவை சொல்லிட்டேன்." முதலாளி சிரித்தார். "எங்க அப்பா காலத்து ஆளு நீங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, எனக்கு நாக்கு எதுக்கு அண்ணே?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. நாக்கு இல்லாவிட்டால் முதலாளிக்கு ஒரு செலவு மிச்சம். இவருக்கு? மூட்டை தூக்க முதுகு இல்லை. எடை போடக் கண் இல்லை. மாமனார் கொடுத்தது ஒரே ஒரு தொழில், அதுவும் கன்னத்துக்கு உள்ளே. அதையும் விட்டால் தெருவில் அவருக்கு மிஞ்சுவது அவருடைய சொந்தப் பெயர்; அது இப்போது அவரைத் தவிர யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் கிராம்பு வைக்காமல் போனார். செத்தாலும் சரி, நாக்கோடு சாவோம் என்று. வலி காதைக் குடைந்து, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. கோணி தைக்கிறவள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. கிடங்கில் இருந்த ஒரே பெண், அதனால் எல்லா ஆண்களுக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

"நாக்கண்ணே, கன்னத்துல எலுமிச்சம்பழமா வெச்சிருக்கீங்க? வேலை முடிஞ்சதும் எங்களுக்கும் ஆளுக்குப் பாதி கொடுங்க."

"போம்மா, உன் வேலையைப் பாரு."

"எதிர்ல போய்ப் பிடுங்கிப் போட்டுட்டு வாங்களேன். பத்து நிமிஷம். நான் கூட வரேன், கையைப் பிடிச்சுக்குறேன்."

"பிடுங்குறதா? நானா?" என்றார் நாக்கு, தன் மகனைக் கொல்லச் சொன்னதுபோல.

வலி தாங்காமல், எதிரே இருந்த மூட்டையிலிருந்தே ஒரு கிராம்பை எடுத்துக் குழியில் அழுத்தினார். காத்திருந்தார். அடங்கவில்லை. இன்னொன்று எடுத்து அழுத்தினார். அதற்கும் அடங்கவில்லை. பக்கத்து மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். தண்ணீர் ஊற்றிய அடுப்புபோல வலி உஸ்ஸென்று அடங்கியது.

அவர் முதல் மூட்டையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். எண்ணெய் இருந்தால்தானே மரக்கும்? சக்கைக்கு மரக்கவைக்கத் தெரியாது. மலிவு எண்ணெயை எவ்வளவு தடவினாலும் பல்வலியை ஏமாற்ற முடியாது!

"இதைத் தள்ளு" என்றார், முதல் மூட்டையைக் காட்டி. பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். முக்கால்வாசி சக்கை. கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வெளியே வந்து, "இதுதான் எங்க நாக்கு" என்றார். ஆட்களுக்கு முன்னால் நம் நாக்குக்குக் கண்ணில் நீர் வந்தது. பாதி ஆனந்தம், பாதி பல்.

அன்று முதல் அந்தச் சொத்தைப் பல்தான் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் அதில் ஒரு சங்கடம். நல்ல கிராம்பு ஒன்று பட்டுவிட்டால் வலி போய்விடும். வலி திரும்பி வராமல் அடுத்த மூட்டையைப் பார்க்க முடியாது. ஆகவே அவர் வலியை வரவழைக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் ஐஸ் வாங்கி வந்து குழியில் வைத்துக்கொண்டார். சர்க்கரையை வைத்து அழுத்தினார். பல்லில் உயிர் துள்ளியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், அடுத்தது" என்பார். மூட்டைக்கு மூட்டை காத்திருப்பு நீண்டது. "அண்ணன் இப்போ ரொம்ப நிதானமாப் பாக்குறாரு" என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அனுபவம் கனிந்துவிட்டது என்று முதலாளி நினைத்தார். உண்மையில் பல் அழுகிக்கொண்டிருந்தது.

வீட்டிலோ அவரைக் குணப்படுத்தியே தீருவது என்று இரண்டு பெண்கள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி கிராம்பை இடித்துப் போட்டு கஷாயம் வைத்தாள். அதையே கஞ்சியிலும் ஊற்றினாள். தலையணை உறைக்குள்ளும் ஒரு பிடி போட்டுத் தைத்தாள். மாமியார் தணல் கரண்டியோடு காலையும் மாலையும் அவர் தலையைச் சுற்றினார். ஒரு தடவை முடி கருகியது.

"அத்தை, போதும் அத்தை."

"எப்படிப் போதும்? கன்னத்தைப் பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கடைசிவரை முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருந்துச்சு. போகும்போதும் பல்லோடதான் போனார்."

"எனக்கு வலி போக வேண்டாம் அத்தை."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க?"

"கொஞ்ச நாளைக்கு... இருக்கட்டும்."

"கேட்டியாடி? உன் புருஷனுக்கு வலி வேணுமாம். நான் தெய்வத்துக்கிட்ட போய் என்னன்னு சொல்றது? வெச்சதை வெச்சபடி விட்டுடு, இவருக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லவா?"

மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கொதிக்குது. ஜுரத்துல பேசுறார்மா. சுத்துங்க நீங்க, நல்லாச் சுத்துங்க."

அவரால் சொல்ல முடியவில்லை. சொல்வதென்றால் முதலில் நாக்கு போனதைச் சொல்ல வேண்டும். அதை அந்த வீட்டில், மாமனார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு, புகையில் இருமி, ஆறு வாய் கஷாயம் குடித்தார். குடித்துவிட்டு, பின்கட்டில் போய், யாரும் பார்க்காமல் ஐஸ் வைத்துக்கொண்டார். குணமாகிற அபாயம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

பெரிய லோடு வந்த அன்று, அவர் முகத்தில் இடது பாதி வேறு யாருடையதோ போல் இருந்தது. ஒரு கண் மூடியே போயிருந்தது. மூட்டைகள் சுவர் ஓரமாக வரிசையாக நின்றன. வாசலில் லாரி. சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய் நடந்துகொண்டே இருந்தார்.

முதல் மூட்டை: வலி அடங்கியது. ஏத்து. ஐஸ். காத்திருந்தார். இரண்டாவது: அடங்கவில்லை. தள்ளு. மூன்றாவதற்குக் கையை விட்டு எடுத்து, குழியில் வைத்து, பல்லைக் கடித்து அழுத்தினார். ஈறுக்குள் ஏதோ பொத்துக்கொண்டது. வாய் நிறைய வெதுவெதுப்பாகச் சீழ் இறங்கியது. ஓடிப்போய்ச் சாக்கடையோரம் துப்பினார். துப்பி முடித்து நிமிர்ந்தபோது உலகம் மிக அமைதியாக இருந்தது.

வலி இல்லை.

முதலில் அவருக்கு அது சுகமாகவே இருந்தது, பாவம். தோள் இறங்கியது, மூச்சு முழுதாக வந்தது. அப்புறம்தான் மூன்றாவது மூட்டை நினைவுக்கு வந்தது. ஐஸை வைத்தார். ஒன்றுமில்லை. இன்னொரு துண்டு வைத்து அழுத்தினார். சர்க்கரை வைத்தார். பெட்டிச் சாவியால் பல்லைத் தட்டினார். முதலில் மெதுவாக, பிறகு கதவு திறக்காத வீட்டைத் தட்டுவதுபோல. பல் கல்லாக இருந்தது. நாக்கோ, இத்தனை நாள் கிராம்பில் வெந்து, தடித்த துணிபோல் வாயில் கிடந்தது.

மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து, மாமியார் செய்வதுபோலவே தன் தலையைத் தானே சுற்றினார். தணல் இல்லை, பரவாயில்லை. "கொஞ்சம் வலி கொடு" என்று கேட்டார். "பெரிசா வேண்டாம். இந்த லோடு முடியுற வரைக்கும். அப்புறம் மொத்தமா எடுத்துக்கோ, பல்லையே எடுத்துக்கோ." இத்தனை வருஷத்தில் அவர் எந்தத் தெய்வத்திடமும் எதுவும் நேராகக் கேட்டதில்லை, எல்லாம் மாமியார் மூலமாகத்தான். அதனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல், பொதுவாகக் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

"நாக்கண்ணே," என்றாள் கோணி தைக்கிறவள், மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்து. "என்ன பண்றீங்க அங்க? முதலாளி கேக்குறாரு."

முதலாளி வந்தே விட்டார். பின்னால் லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர்கள். நாக்கு மூன்றாவது மூட்டைக்கு முன்னால் போய் நின்றார். கையை விட்டார். எடுத்தார். கடித்தார். எல்லோரும் வாயைப் பார்த்தார்கள். யாராவது கொட்டாவி விடுகிறார்களா என்று இவர் ஒரு கணம் அவர்களைப் பார்த்தார். ஒருத்தனும் விடவில்லை. இன்னொரு லோடு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தார். வராமலே போனாலும் இனி ஒவ்வொரு மூட்டைக்கும் இப்படியே நிற்க வேண்டும் என்றும் நினைத்தார்.

"சொல்லுங்க அண்ணே."

"தெரியல முதலாளி."

முதலாளி சிரித்தார். "என்ன தெரியல?"

"எனக்குத் தெரியல. வாயில ஒண்ணுமே தெரியல. ரொம்ப நாளாவே."

லாரி டிரைவர்தான் முதலில் பேசினார்: "அப்போ நான் போகவா, நிக்கவா?"

முதலாளி இவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சுற்றியிருந்தவர்களில் யார் கிட்டத்தில் நின்றார்களோ அவர்களைப் பார்த்தார். "ஏம்மா, நீ இதைக் கொஞ்சம் வாயில போட்டுச் சொல்லு."

"நானா?" கோணி தைக்கிறவள் ஊசியைச் சேலையில் குத்திக்கொண்டு வந்தாள். மேலாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். "சீ. மரம்." அடுத்த மூட்டை. "ஐயோ, இது உறைக்குது. நல்லாருக்கு." அடுத்தது. "மரம்." மூச்சை இழுக்கவில்லை, நிற்கவில்லை, முகத்தைப் பெரிதாக்கவில்லை, மென்று துப்பிக்கொண்டே வரிசையோடு நடந்துபோனாள். நடுவில் ஒருத்தனைப் பார்த்து, "தண்ணி கொடுடா, எரியுது" என்று திட்டினாள். முதலாளி பின்னாலேயே போய் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து, முதலாளி இவர் தோளைத் தொட்டார். "வீட்டுக்குப் போங்க அண்ணே. முதல்ல உடம்பைப் பாருங்க. நான் கூப்பிடுறேன்."

கூப்பிடுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். கோணி தைக்கிறவள் சேலையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டு கோணிக்குத் திரும்பினாள்.

நடுப்பகலில் வந்து நின்றவரைப் பார்த்து மனைவி பதறினாள். "என்னங்க, இந்நேரத்துல?" அப்புறம் முகத்தைப் பார்த்தாள். "அம்மா! வீக்கம் வடிஞ்சிருக்கு!"

"வலி?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் உள்ளிருந்து வந்தார்.

"போயிடுச்சு" என்றார்.

"போயிடுச்சா! நான் சொன்னேனா இல்லையா? காலையில சுத்தும்போதே கிராம்பு படபடன்னு வெடிச்சுது. அப்பவே நினைச்சேன், இன்னைக்கு இறங்கிடும்னு."

"நீங்க சுத்தினதாலயா?" என்றாள் மனைவி. "தினமும்தான் சுத்துறீங்க. நேத்து கஷாயத்துல இடிச்சதை ரெண்டு மடங்காப் போட்டேன், அதனால போச்சு."

"கஷாயத்துல போகுமா அந்த வலி? அது கண்ணு பட்ட வலிடி."

"வயித்துக்குள்ள போனாதான்மா மருந்து. தலையைச் சுத்தினா மருந்தா?"

அவர்கள் அவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலே, வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். மனைவி சிரித்தாள். மாமியார் அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "ஒரு வார்த்தை நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. யாரால போச்சு?"

"வேலை போயிடுச்சு அத்தை."

மாமியாரின் கை நின்றது. மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, யாரும் போகவில்லை.

"யார் பாக்குறா இப்போ?" என்று கேட்டாள் மனைவி.

"கோணி தைக்கிறவ."

"அவளா?" என்றார் மாமியார். "அவளுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரர் எத்தனை வருஷம் பழகினார்! நீங்க எத்தனை வருஷம்! அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

அவர் சட்டைப் பையில் மிச்சமிருந்த கிராம்பை எடுத்துத் தரையில் வைத்தார்.

"யாரும் சொல்லிக்கொடுக்கல அத்தை. வாயில போட்டா, தெரியும். எல்லாருக்கும் தெரியும்."